நாய் கடிக்கவே இல்லை, துரத்தியது மட்டும்தான். இது அவ்வளவு பெரிய தப்பா?

காலைநடை எழுதியது:

வணக்கம். கொஞ்சம் மனசு சரியில்லாமல்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜிம்மியைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போனேன். குளிர்காலம் முழுக்க வீட்டுத் தெருவையே சுற்றிச் சுற்றி இரண்டு பேருக்கும் அலுத்துவிட்டது. நல்ல வெயில், புதுப் புல், கண்ணுக்கு எட்டிய வரை ஆள் இல்லை. சரி, கொஞ்சம் ஓடட்டும் என்று கயிற்றை அவிழ்த்துவிட்டேன். பாதை ஒரு மேட்டில் ஏறி இறங்கும். மேட்டுக்கு அந்தப் பக்கம் செம்மறி ஆடுகள் நிற்பது எனக்குத் தெரியாது. ஜிம்மிக்குத் தெரிந்திருக்கிறது.

நான் மேலே ஏறிப் பார்ப்பதற்குள் கீழே நாற்பது ஐம்பது ஆடுகளை வேலி மூலைக்கு ஒதுக்கிவிட்டான். கூப்பிட்டேன், விசில் அடித்தேன், பிஸ்கட் பொட்டலத்தை ஆட்டிக் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று நான்கு நிமிடம் இருக்கும். அப்புறம் தானாகவே களைத்து, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி என்னிடம் வந்தான்.

ஒரு ஆட்டையும் கடிக்கவில்லை. எல்லாம் நின்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் ஆட்டுக்காரர் வந்து என்னைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டார். கடைசியில் குரலைத் தணித்து, "வாரம் முடியட்டும், அப்புறம் தெரியும்" என்று மட்டும் சொல்லி என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். அந்தத் தணிந்த குரல்தான் இன்னும் காதில் நிற்கிறது. கடிக்காத நாய்க்கு ஏன் இவ்வளவு கோபம்? வாரம் முடிந்தால் என்ன தெரியும்?

---

கிடைக்காரன் எழுதியது:

தம்பி, நானும் ஆடு வைத்திருப்பவன், அதனால் கொஞ்சம் காரமாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செம்மறி சினை பிடித்து ஈனுவதற்கு ஏறக்குறைய 147 நாள். புல் தழைக்கிற நேரத்தில் குட்டி தரையில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, இலையுதிர் காலத்திலேயே கிடாயைச் சேர்த்துவிடுவோம். ஆக, வெயில் வந்துவிட்டது என்று நீங்கள் நாயோடு கிளம்புகிற அதே நாட்களில்தான் எங்கள் ஆடு நிறைசினையாக நிற்கும், இல்லாவிட்டால் அன்றைக்குத்தான் ஈன்றிருக்கும். வருடத்தில் நாய் உள்ளே வரவே கூடாத நேரம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

வயிற்றில் இரண்டு குட்டியோடு கம்பளியும் போர்த்திய உடம்பை நான்கு நிமிடம் ஓட விட்டால் என்ன ஆகும்? மூலையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நெரியும். அடியில் மாட்டினது மூச்சு முட்டும். மற்றவை நீங்கள் பார்த்த மாதிரி நின்றுகொண்டுதான் இருக்கும். நின்றால் நலம் என்று அர்த்தம் இல்லை. ஆடு வலியைக் காட்டாது. ஓட்டத்தின் அதிர்ச்சியில் அன்றைக்கே வீசும், அதாவது கரு கலைந்துவிடும், அல்லது சில நாள் கழித்துக் காலையில் போய்ப் பார்த்தால் செத்த குட்டியைப் போட்டுவிட்டு நிற்கும். "வாரம் முடியட்டும்" என்றது அதைத்தான்.

ஈன்ற ஆட்டின் கதை இன்னும் மோசம். தாய் குட்டியை நக்கி நக்கித்தான் அதன் வாசனையைப் பிடிக்கும். முதல் ஓரிரு மணி நேரத்தில் நடந்துவிட வேண்டிய வேலை அது. அந்த நேரத்தில் நாய் வந்து தாயைக் கலைத்துவிட்டால், திரும்பி வந்து முகர்ந்து பார்த்து, "இது யார் பிள்ளை?" என்று முட்டித் தள்ளும். குட்டி விடாமல் கத்திக்கொண்டே வாலுக்குப் பின்னால் போகும், மறுபடி முட்டு வாங்கும். அதற்கு மேல் நின்று பார்க்க முடியாது. சீம்பால் உள்ளே போகாத குட்டி இரவுக் குளிரைத் தாங்காது. விடிந்து போய்ப் பார்த்தால் விறைத்துக் கிடக்கும், உடம்பில் ஒரு பல் தடம்கூட இருக்காது.

"என் நாய் விளையாடத்தான் போனது" என்று எல்லோரும் சொல்வார்கள். இருக்கட்டும். ஆட்டுக்கு அந்த விளையாட்டு தெரியாதே.

---

கட்டற்றவன் எழுதியது:

நடுவில் ஒரு மாற்றுக் குரல். ஒருவர் நாயைப் பழக்காமல் விட்டதற்கு எல்லா நாயையும் கட்டச் சொன்னால் எப்படி? என் நாய் எட்டு வருடமாக அவிழ்த்துவிட்டுத்தான் நடக்கிறது. "நில்" என்றால் நிற்கும், "வா" என்றால் வரும். கயிற்றிலேயே முழு வாழ்க்கையும் போனால் அதை நாய் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? பிரச்சினை கயிற்றில் இல்லை, பழக்கத்தில்.

---

இரட்டைவால் எழுதியது:

என்னுடைய மூத்தவளும் எட்டு வருடம் நின்றாள். ஒன்பதாவது வருடம் அவள் மூக்குக்கு அடியிலிருந்து ஒரு முயல் எழும்பியது. அன்றைக்கு நான் கத்தியது அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும், அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்து, காதெல்லாம் முள்ளோடு, மிகுந்த மனநிறைவோடு வந்தாள்.

பழக்கம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டு வாசலிலும் பூங்காவிலும் பழகிய "வா" வேறு, ஓடுகிற மிருகம் கண்ணில் பட்ட பிறகு செல்லுபடியாகிற "வா" வேறு. இரண்டாவதைச் சோதித்துப் பார்க்க அடுத்தவர் ஆட்டுப்பட்டி இடம் இல்லை.

ஆனால் இத்தனை சொன்ன நானே கயிற்றைக் கைவிட்ட ஒரு நாளும் உண்டு. போன வசந்தத்தில் மாடுகள் மேய்கிற ஒரு வெளியைக் கடக்க வேண்டியிருந்தது. இரண்டு நாயும் கயிற்றில், நானும் ஒழுங்காகத்தான் போனேன். தூரத்தில் ஏழெட்டுப் பசுக்கள். புல்லுக்குள் கன்றுகள் படுத்திருந்ததை நான் பார்க்கவில்லை. பாதி தூரத்தில் ஒரு பசு தலையைத் தூக்கிப் பார்த்தது, அப்புறம் தலையைத் தாழ்த்திக்கொண்டு நேராக வந்தது. மற்றவையும் பின்னாலேயே. நாய்கள் என் காலுக்குள் ஒண்டின. கயிறு கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அவிழ்க்கவே வரவில்லை. எப்படியோ உதறினேன். நாய்கள் வேலியைப் பார்த்துப் பறந்தன, மாடுகளும் என்னை விட்டுவிட்டு அவற்றின் பின்னால் திரும்பின. நாய்களுக்கு ஒரு கீறல் இல்லை. எனக்குத்தான் அன்றைக்கு முழுவதும் கால் நடுங்கியது. நான் செய்தது சரியா தப்பா என்று இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

---

ஊசிமருந்து எழுதியது:

சரிதான். கால்நடை மருத்துவனாகச் சொல்கிறேன், இதில் குழப்பமே வேண்டாம்: ஆட்டுக்கு அருகில் கயிற்றை விடாதீர்கள், மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். கன்றுள்ள பசுவுக்குக் கோபம் நாய் மேல்தான். ஆளுக்கு அடிபடுவது பெரும்பாலும் நாயைக் காப்பாற்றப் போய் நடுவில் நிற்பதால். நாயால் மாட்டை மிஞ்சி ஓட முடியும், உங்களால் முடியாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது என்ற பழக்கத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள், எல்லோருக்கும் சொல்கிறேன்.

முதலில் அந்த நிலைக்கே போகாமல் இருப்பது நல்லது. கேட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று புல்லுக்குள் பாருங்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகாதீர்கள். வேலி ஓரமாகச் சுற்றிப் போங்கள், தேவைப்பட்டால் வேலியைத் தாண்ட ஒரு வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பசு நேருக்கு நேர் முறைத்து, தலையைத் தாழ்த்தி, காலால் மண்ணைப் பறித்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. மெதுவாகப் பின்வாங்குங்கள், ஓட வேண்டாம். இளம் கிடேரிகளும் காளைக்கன்றுகளும் கூட்டமாகப் பின்னால் வருவது வேறு கதை. குளிர்காலம் முழுக்கக் கொட்டகைக்குள் கிடந்துவிட்டு முதல் முறையாகப் புல்லை மிதிக்கிற உற்சாகம். வேடிக்கை பார்க்க வருகின்றன. நின்று திரும்பிப் பார்த்தால் பெரும்பாலும் அவையும் நின்றுவிடும். ஆனால் அந்த வேடிக்கையும் அரை டன் எடையோடு வருவது, அலட்சியம் வேண்டாம்.

காலைநடை, ஜிம்மிக்குக் கடைசியாக எப்போது பூச்சி மருந்து கொடுத்தீர்கள்?

---

காலைநடை எழுதியது:

டாக்டர், உண்மையைச் சொன்னால் நினைவில்லை. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கிடைக்காரன் அண்ணா, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். தாயிடம் முட்டு வாங்குகிற அந்தக் குட்டியை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

---

கட்டற்றவன் எழுதியது:

அடுத்து நாய்ப் பீ விஷயத்துக்கு வருவார்கள் பாருங்கள். நிலம் முழுக்க மாட்டுச் சாணமும் ஆட்டுப் புழுக்கையும் கிடக்கிறது. அதை யாரும் பையில் அள்ளுவதில்லை. நாய் போட்டதை மட்டும் ஏன் அள்ள வேண்டும்? மண்ணோடு மண்ணாகப் போகிற சமாச்சாரம்.

---

ஊசிமருந்து எழுதியது:

வந்துவிட்டேன். மாடு தின்பது புல், போடுவதும் அரைத்த புல்தான். நாயின் கதை வேறு.

நியோஸ்போரா கேனினம் என்று ஒற்றைச் செல் ஒட்டுண்ணி ஒன்று உண்டு. 1984-இல் நார்வேயில் நாய்களிடம் முதலில் கவனித்தார்கள், 1988-இல் பெயர் வைத்தார்கள். தொற்றுள்ள நாயின் மலத்தில் அதன் முட்டை மாதிரியான உருக்கள் வெளியே வரும், புல்லில் ஒட்டும், அந்தப் புல்லைத் தின்கிற பசு கன்று வீசும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. தொற்றிய பசு ஈனுகிற கன்றுக்குக் கருப்பையிலேயே போய்ச் சேர்ந்துவிடும். பார்க்க நன்றாக இருக்கிற அந்தக் கன்று வளர்ந்து, அதுவும் வீசும். நாயிடம் அறிகுறியே இல்லாமல் இருக்கலாம். இது புழு இல்லை என்பதால் குடற்புழு மாத்திரை இதற்கு வேலை செய்யாது. அள்ளுவது ஒன்றுதான் வழி. வயலில் கிடக்கிற நஞ்சுக்கொடியைத் தின்றால் நாய்க்கு இது வரும், ஆகவே ஈனும் பருவத்தில் நாயின் மூக்கு எங்கே போகிறது என்று ஒரு கண் இருக்கட்டும்.

பூச்சி மருந்து கேட்டது வேறொன்றுக்காக. செத்த ஆட்டின் பச்சை இறைச்சியைத் தின்ற நாயின் குடலில் ஒரு நாடாப்புழு வளரும். அதன் முட்டை மலத்தோடு புல்லுக்குப் போய், அங்கிருந்து ஆட்டின் தசைக்குப் போய், கட்டி கட்டியாக உட்காரும். மனிதருக்கு இதனால் ஆபத்தில்லை. ஆனால் அந்த இறைச்சியைக் கழித்துவிடுவார்கள், நட்டம் ஆட்டுக்காரருக்கு. பிரசிகுவான்டல் உள்ள மருந்து இதற்குக் கேட்கும். மேய்ச்சல் நிலத்தில் நடக்கிற நாய்க்கு எத்தனை வாரத்துக்கு ஒரு முறை என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொரு வயிற்றெரிச்சல். பையில் அள்ளி, முடிச்சுப் போட்டு, அந்தப் பையை வேலிக் கம்பியில் தொங்கவிட்டுப் போகிற அன்பர்களே, அதற்குப் பதில் அள்ளாமலே போயிருக்கலாம். பிளாஸ்டிக்கையும் சேர்த்து மாடு தின்னும்.

---

சிறகுகள் எழுதியது:

ஆட்டுக்காவது கத்துவதற்கு ஓர் ஆட்டுக்காரர் இருக்கிறார். தரையில் கூடு கட்டுகிற பறவைக்கு யாரும் இல்லை, அதனால் நான் கத்துகிறேன்.

வானம்பாடியும் ஆட்காட்டியும் உப்புக்கொத்தியும் மரம் ஏறுவதில்லை. ஆட்காட்டி தரையில் ஒரு சின்னக் குழி பறித்து வழக்கமாக நான்கு முட்டை வைக்கும். கூர்முனைகள் நடுவில் சேர்ந்திருக்கும், மண்ணோடு மண்ணாக இருக்கும். நானே ஒரு முறை பைனாகுலரைக் கீழே வைக்கப் போய், அரை அடி தள்ளி முட்டைகள் இருப்பதைப் பார்த்து அப்படியே உறைந்துவிட்டேன். வானம்பாடி பதினொரு நாள் போல அடைகாக்கும். குஞ்சுகள் பறக்கத் தெரியும் முன்பே, எட்டுப் பத்து நாளில் கூட்டை விட்டு இறங்கிப் புல்லுக்குள் தனித்தனியாக ஒளிந்துகொள்ளும். நாய் முட்டையை மிதிக்க வேண்டும் என்றுகூட இல்லை. புல்லுக்குள் குறுக்கும் நெடுக்கும் ஓடினாலே தாய் எழும்பிவிடும். அது பயந்து வெளியே சுற்றுகிற அரை மணி நேரத்தில் குளிர்காற்று முட்டையை ஆற்றிவிடும், இல்லாவிட்டால் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற காகத்துக்கு விருந்து.

உங்கள் முன்னால் ஒரு பறவை இறக்கை ஒடிந்த மாதிரி தரையில் இழுத்துக்கொண்டு போனால் பாவம் என்று பின்னால் போகாதீர்கள். நடிப்பு. கூடு பக்கத்தில் இருக்கிறது, உங்களையும் நாயையும் வேறு பக்கம் கூட்டிப் போகிறது. வந்த வழியே திரும்புங்கள்.

சும்மா ஆர்வலர்கள் கிளப்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் பொதுமக்கள் நடக்கத் திறந்துவிட்ட மேட்டுநிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மேல் போகாத கயிற்றில்தான் நாய் இருக்க வேண்டும். நார்வேயில் ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை கட்டித்தான் ஆக வேண்டும். பின்லாந்தில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை. எல்லாத் தேதியும் எதைச் சுற்றி வருகிறது என்று பாருங்கள். உங்கள் ஊர் விதி என்ன என்று போவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

கட்டற்றவன் எழுதியது:

அக்கா, முட்டை விஷயம் நியாயம்தான். ஆனால் பாதையை விட்டு இறங்காமல் போனால் போதாதா?

---

சிறகுகள் எழுதியது:

நீங்கள் இறங்க மாட்டீர்கள். அவன்?

---

மட்டுறுத்துநர் எழுதியது:

இழை நன்றாகப் போகிறது. தனிப்பட்ட தாக்குதலாக இருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நாய் வளர்ப்பவர் எல்லாம் முட்டாள், ஆடு வளர்ப்பவர் எல்லாம் முரடர் என்று எழுத வேறு தளம் தேடிக்கொள்ளவும்.

---

இரட்டைவால் எழுதியது:

டாக்டர் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். உண்ணி. வெயில் வந்தால் போதும், இரண்டு நாயும் உண்ணிப் பண்ணையாக வீடு திரும்புகின்றன. எண்ணெய் தடவினால் தானே விழுந்துவிடும் என்கிறார் என் மாமியார்.

---

ஊசிமருந்து எழுதியது:

மாமியாரிடம் வணக்கம் சொல்லி, எண்ணெய்ப் புட்டியை வாங்கி அலமாரியில் வையுங்கள். எண்ணெய், வாசலின், தீக்குச்சிச் சூடு எல்லாம் உண்ணியைத் தொந்தரவு செய்யும். தொந்தரவான உண்ணி வயிற்றில் இருப்பதை உள்ளே கக்கும், நோய்க்கிருமியையும் சேர்த்து. உண்ணி எடுக்கிற கொக்கி சின்னதாகக் கிடைக்கிறது. தோலோடு ஒட்டிக் கொடுத்து, நசுக்காமல், சுழற்றி எடுங்கள். கூர்முனை இடுக்கி என்றால் சுழற்ற வேண்டாம், தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். லைம் நோய்க் கிருமி உடம்புக்குள் போக உண்ணி வழக்கமாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும், அதனால் அன்றன்றைக்கே பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. காதுக்குள், கண் இமை ஓரம், அக்குள், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில். அப்புறம் உங்கள் முழங்காலுக்குப் பின்னாலும் பாருங்கள், உண்ணிக்கு ஆள் நாய் என்ற பேதம் இல்லை.

உண்ணிக்குப் பிடரியில் சொட்டு மருந்து விட்டால், லேபிளில் சொன்ன நாட்கள் ஆகும் வரை ஓடையில் இறக்காதீர்கள். அந்த மருந்து பூச்சிகளைக் கொல்வதற்கென்றே தயாரித்தது, ஓடையில் இருப்பதும் பூச்சிகள்தான். இங்கிலாந்தில் 20 ஆறுகளின் தண்ணீரைச் சோதித்தபோது, சொட்டு மருந்துகளில் இருக்கிற பிப்ரோனில் பெரும்பாலான மாதிரிகளில் இருந்தது.

விரியன் பாம்பைப் பற்றியும் ஒரு வரி. குளிர் தூக்கத்திலிருந்து எழுந்து வசந்த வெயிலில் மந்தமாகக் கிடக்கும். நாய் மூக்கை நீட்டும். கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு நேராக மருத்துவரிடம். தெற்கு ஐரோப்பாவில் இருப்பவர்கள் பைன் மரத்தடியில் வரிசையாக ஊர்ந்து போகிற கம்பளிப்பூச்சியிடமும் நாயை விடாதீர்கள். நக்கிய நாய்கள் நாக்கு நுனியை இழந்ததுண்டு.

---

காலைநடை எழுதியது:

வியாழக்கிழமை போன் வந்தது.

ஒரு ஆடு வீசிவிட்டது. இரண்டு குட்டி. ஜிம்மியால்தானா என்று அவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. "நீ வந்து பார்க்கிறாயா?" என்று மட்டும் கேட்டார். போனேன். ஜிம்மியை வீட்டில் விட்டுவிட்டு.

கொட்டகையில் ஓரமாக நின்றது அந்த ஆடு. வைக்கோல்மேல் ஒரு சாக்கு போர்த்தியிருந்தது. நான் சாக்கைத் தூக்கிப் பார்க்கவில்லை, அவரும் தூக்கவில்லை. ஆடு தரையை முகர்ந்துகொண்டே சுற்றிச் சுற்றி வந்தது, நடுநடுவே தாழ்ந்த குரலில் ஒரு மாதிரி முனகியது. குட்டியைக் கூப்பிடுகிற சத்தம் அது என்றார். கிடைக்காரன் அண்ணா, நீங்கள் அதை எழுதவில்லை. தெரிந்துதான் எழுதாமல் விட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நட்டத்தைத் தருகிறேன் என்றேன். வாங்கிக்கொண்டார், அதுவும் சரிதான். அப்புறம் அவரே ஒரு காகிதத்தில் அவர் நிலங்களை வரைந்து, இந்த மாதம் ஆடு எதில், அடுத்த மாதம் எதில், எந்தப் பாதையில் வருடம் முழுக்க மேய்ச்சல் இல்லை என்று குறித்துக் கொடுத்தார். "இந்தப் பக்கம் வா, நாயோடு வா. கயிற்றோடு வா" என்றார்.

---

கிடைக்காரன் எழுதியது:

ஆமாம் தம்பி, தெரிந்துதான் விட்டேன்.

ஒரு யோசனை. வேறொரு அனாதைக் குட்டி அவரிடம் இருந்தால் அந்த ஆட்டோடு சேர்க்கப் பார்ப்பார். செத்த குட்டியின் தோலை உரித்து இதற்குச் சட்டை மாதிரி மாட்டிவிட்டால், வாசனையை நம்பி ஏற்றுக்கொள்வதுண்டு. நடந்ததா என்று இரண்டு நாள் கழித்துப் போன் செய்து கேளுங்கள். கேட்டால் சந்தோஷப்படுவார்.

---

இரட்டைவால் எழுதியது:

ஜிம்மியை இனி எப்படிப் பழக்கப் போகிறீர்கள்? என் அனுபவத்தில், பத்து மீட்டர் நீளக் கயிற்றில், ஆடு மாடு இல்லாத இடத்தில், கூப்பிட்டு வந்தால் ஒவ்வொரு முறையும் ஏதாவது நல்லது கொடுத்து, மாதக்கணக்கில் செய்தால்தான் ஒட்டும். நீளக் கயிற்றை, மார்பைச் சுற்றிப் போடுகிற ஹார்னஸில் மாட்டுங்கள், கழுத்துப் பட்டையில் வேண்டாம். ஓடி வந்து நுனியில் இழுபட்டால் கழுத்து போய்விடும். தாமதமாக வந்தாலும் திட்டாதீர்கள். வந்ததற்குத்தான் திட்டு என்று அவன் எடுத்துக்கொள்வான். பட்டனை அழுத்தினால் நீளுகிற லீஷும் வேண்டாம், அந்த மெல்லிய நூல் காலைச் சுற்றினால் தோல் சீவிக்கொண்டு போகும்.

---

கட்டற்றவன் எழுதியது:

அந்தப் பத்து மீட்டர் கயிறு, தட்டை நாடாவா, உருண்டைக் கயிறா? சும்மா கேட்கிறேன்.

---

காலைநடை எழுதியது:

தட்டை நாடாதான் வாங்கினேன். பனியில் நனைந்தால் கொஞ்சம் கனக்கும். கையுறை இல்லாமல் பிடிக்காதீர்கள், முதல் நாளே ஒரு அணிலைப் பார்த்துவிட்டான், என் உள்ளங்கை உரிந்துவிட்டது.